நாணயம் காத்த இரு மரபுகள்



காசையும் நேர்மையையும் தமிழில் ‘நாணயம்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். பிறர் பணத்தைக் காக்கும் ஊழியரிடம் இவ்விரண்டும் சேர்ந்திருக்க என்ன செய்வது? பினாங்கின் வரலாற்றில் இதற்கு இரண்டு விடைகளைக் காண்கிறோம்.

முதல் விடை நகரத்தாரின் கிட்டங்கி. பினாங்கில் லேவாதேவி நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், 1850களில் தண்ணீர்மலையில் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினார்கள். முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டில் இருப்பார். கடல் கடந்த கடையை நடத்துபவர் ஏஜெண்டு. அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். பையன் கணக்குக் கற்றுப் படிப்படியாக உயர்ந்து ஏஜெண்டு ஆவதுண்டு. ஏஜெண்டுக்கு வழக்கமாக மூன்றாண்டுத் தவணை. சம்பளத்தோடு இலாபத்தில் பங்கும் உண்டு. தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். வருமானத்தில் ஒரு பகுதி மகமையாகக் கோயிலுக்குப் போகும். பக்தி, பங்கு, ஊரில் பெற்ற நற்பெயர் ஆகிய மூன்றும் ஊழியரைத் தொழிலோடு பிணைத்தன.

ஆனால் அந்த நாணயம் முதலாளியின் பேரேட்டோடு நின்றது. கடன்பட்டவர் நிலத்தை இழந்தால், அது ஊழியரின் குறையாகக் கருதப்படவில்லை. மலாய்க்காரர் நிலங்கள் கைமாறியதைத் தடுக்கவே 1913இல் மலாய் நில ஒதுக்கீட்டுச் சட்டம் மலாய் மாநிலங்களில் வந்தது. வட்டிக் கடனும் அதற்கு ஒரு காரணம்.

இரண்டாம் விடை இஸ்லாமிய மரபு. இங்கு வட்டியே விலக்கப்பட்டது. மலாயா முஸ்லிம்கள் ஹஜ் பயணத்திற்குக் கப்பலேறிய துறைமுகங்களுள் பினாங்கு முக்கியமானது. வட்டி கலந்த பணத்தில் அப்பயணம் போகத் தயங்கிய கிராமத்தார் காசை வீட்டிலேயே ஒளித்து வைத்தார்கள். நிலத்தையும் மாட்டையும் விற்றவர்களும் உண்டு. இதற்கு மாற்றாகப் பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ் 1959இல் ஒரு சேமிப்புத் திட்டத்தை முன்வைத்தார். அதன்படி 1963இல் ஹஜ் சேமிப்புக் கழகம் செயல்படத் தொடங்கியது. 1969இல் அது பினாங்கிலிருந்த ஹஜ் விவகார அலுவலகத்துடன் இணைந்தது. இன்று நாம் தாபோங் ஹாஜி என்று அழைப்பது இதையே. 1983இல் இஸ்லாமிய வங்கிச் சட்டம் இயற்றப்பட்டு, அவ்வாண்டு ஜூலையில் பேங்க் இஸ்லாம் தொழிலைத் தொடங்கியது.

இம்மரபில் பிறர் பணம் ஓர் அமானிதம். அதைக் காப்பவர் மேலதிகாரிக்கு மட்டுமன்றி இறைவனுக்கும் கணக்குக் காட்ட வேண்டியவர். வணிகராயிருந்த நபிகள் நாயகம் ‘அல்அமீன்’, அதாவது நம்பிக்கைக்குரியவர், என்று பெயர் பெற்றவர். கடமை ஊழியருக்கு மட்டும் உரியதன்று. கூலியைத் தாமதமின்றிக் கொடுப்பது முதலாளியின் கடமை. இடரில் சிக்கிய கடனாளிக்கு அவகாசம் தருவது கடன் கொடுத்தவரின் கடமை. முதாரபா என்னும் கூட்டு முறையில் ஒருவர் முதலையும் மற்றவர் உழைப்பையும் தருவர். இலாபத்தைப் பேசியபடி பகிர்ந்துகொள்வர். உழைத்தவர் கவனக்குறைவின்றி நடந்திருந்தால், பண நட்டம் முதலிட்டவரையே சாரும்.

நேயர்களே, இவ்விரு மரபுகளும் நேர்மையை வெறும் போதனைக்கு விட்டுவிடவில்லை. உழைத்தவருக்குப் பங்கு கொடுத்தன. பயிற்சியோ பொறுப்போ தந்தன. ஊழியரின் ஈடுபாட்டை விரும்பும் நிறுவனம் முதலில் அவரை மதிக்க வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும்.

நம் தோட்டப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளும் வங்கிகளில் வேலைக்கு அமர்கிறார்கள். கிட்டங்கி அவர்களுக்குக் கணக்கில் கண்டிப்பைக் கற்பிக்கும். அமானிதம் என்ற சொல்லோ, முகப்புக்கு எதிரே நிற்கும் ஏழையும் அக்கணக்கில் அடங்குவார் என்பதை நினைவூட்டும். இரண்டும் சேர்ந்ததே முழு நாணயம்.