யாழ்ப்பாணத்துக்கு வைரஸ் வந்த வழி

லாகூர் நகரில் கணினிக் கடை நடத்திவந்த பாசித், அம்ஜத் என்னும் ஃபாரூக் அல்வி சகோதரர்கள், தாம் எழுதிய மருத்துவ மென்பொருளைப் பிறர் களவாகப் பிரதிசெய்வதைக் கண்டறியும் உபாயமாக, தம் பெயரையும் விலாசத்தையும் தொலைபேசி எண்களையும் பொதிந்து, 1986இல் 'பிரெய்ன்' என்னும் சிறு நிரலை வெளியிட்டனர். 360 கிலோபைட் நெகிழ்வட்டின் ஆரம்பப் பகுதியில் குடியேறி, அவ்வட்டைச் செருகியபடியே இயந்திரத்தை முடுக்கினால் நினைவகத்தில் தங்கி, பின்னர் செருகப்படும் வட்டுகளிலும் தன்னை எழுதிக்கொண்ட அந்நிரலே, ஐபிஎம் வகைக் கணினிகளைத் தொற்றிய முதல் வைரஸ் எனச் சரித்திரத்தில் இடம்பெற்றது.

நமது குடாநாட்டின் ஸ்திதியோ வேறு. 1990இல் மீண்டும் போர் மூண்டு, தெற்கிலிருந்து வந்த மின்சாரம் அறுந்துபோக, ஜாம் போத்தலில் திரியிட்டு மண்ணெண்ணெய் விளக்கேற்றியும், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டும் வாழ்ந்த வீடுகளில் வைரஸ் பற்றிக்கொள்ள யாதிருந்தது? 2000 மே மாதத்தில் மணிலாவிலிருந்து காதற் கடித வேஷத்தில் புறப்பட்டு உலகெங்கும் மின்னஞ்சல் வழியே பரவிய 'ஐ லவ் யூ'வும் இங்கு பெரும்பாலோருக்குப் பத்திரிகைச் செய்தியே. இவ்வாறு தப்பியிருந்ததைப் பாதுகாப்பென்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. வெறும் வீட்டுக்குக் கள்வன் வராதிருந்தது போன்ற நிலை அது.

2002ஆம் ஆண்டின் யுத்த நிறுத்தத்தின் பின், குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் கண்டி வீதி திறந்து, கொழும்பிலிருந்து கணினிகள் வந்திறங்கியபோதுதான் வைரஸும் நம்மோடு உறவு கொண்டாடத் தொடங்கிற்று. அது இணைய வழி வந்ததிலும் கை வழி வந்ததே அதிகம் என்பது என் கணிப்பு. இறுவட்டும், பிறகு பென்டிரைவும், நண்பனிடமிருந்து நண்பனுக்குப் பாட்டையும் படத்தையும் பரீட்சை வினாத்தாளையும் கொண்டுசென்ற பிரியத்தின் பாதையே அதன் பாதையுமாயிற்று. 2006 ஆகஸ்டில் வீதி மறுபடி மூடப்பட்டபோதும் அப்பாதை மூடப்படவில்லை.

அக்காலத்து விண்டோஸ், பென்டிரைவைச் செருகியதும் அதிலுள்ள ஒரு சிறு கட்டளைக் கோப்பை வாசித்து, அது சுட்டிய நிரலைத் தானாகவே இயக்க இடங்கொடுத்தது. வைரஸ் எழுதுவோர்க்கு அதைவிடப் பெரிய வரம் வேறில்லை. உண்மைக் கோப்புறைகளை மறைத்து, அதே பெயரும் அதே மஞ்சட் சித்திரமும் தரித்த போலிகளை அவ்விடத்தில் வைத்துவிட, அறியாது இருமுறை சொடுக்கியவனின் இயந்திரமும் நோயுறும். போட்டோகொப்பிக் கடையின் ஒற்றைக் கணினி, ஒப்படை அச்சிட வந்த மாணவர் அனைவரின் பென்டிரைவுகளையும் ஒரே நாளில் தீண்டிவிடும். 'வைரஸ் காட்' என்னும் தடுப்பு மென்பொருளை நிறுவியிருந்தோர் பலர் அதைப் புதுப்பிக்கத் தகுந்த இணைய வசதியின்றி, பழைய பட்டியலைக் கொண்டு புதிய நோயைத் தேடினர். இறுதி மருத்துவம், வட்டை முற்றாகத் துடைத்து 'போமற்' அடிப்பதே. அதில் நோயோடு குடும்பப் படங்களும் போயின. மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 7இலும், 2011இல் பழைய பதிப்புகளிலும் அந்தத் தானியங்கு வாயிலை அடைத்தது. ஆயினும், புதுப்பித்தலை நிறுத்தி வைத்திருந்த உரிமமற்ற பிரதிகளுக்கு அப்பயன் எட்டவில்லை.

'போமற்' அடித்ததில் போன படங்களைக் காத்திருக்கக்கூடியது வேறிடத்தில் வைத்த காப்புப் பிரதியே. அதன் அருமையை இவ்வூருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1981இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் சுமார் 97,000 நூல்களோடு, வேறெங்கும் பிரதியில்லாத ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. இன்று காணி உறுதிகளின் பிரதிகளும், கனடாவிலிருந்து வந்த கலியாணப் படங்களும் கணினியிலேயே கிடக்கின்றன. பிணைப்பணம் கேட்கும் புதுவகை வைரஸ், கோப்புகளைத் திறவுகோலின்றித் திறக்க இயலாதபடி பூட்டிவிடுகிறது; 2023இல் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணிமையைத் தாக்கிய அத்தகைய வைரஸ், காப்புப் பிரதிகளையும் சேர்த்துப் பூட்டியதால், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை சுமார் 5,000 முகவரிகளுக்குரிய மின்னஞ்சல்கள் மீளாது போயின. ஆதலால் வீட்டில் பிரதி எடுப்போர், எடுத்து முடிந்தவுடன் அந்த வன்தட்டைக் கணினியிலிருந்து கழற்றி வேறாக வைப்பதும், இடையிடையே அதிலிருந்து ஒரு படத்தையேனும் திறந்து பார்த்துக்கொள்வதும் அவசியம்.