புறம்போக்கில் குடியிருப்போர்

நம்ம மக்கள்ல பாதிப்பேர் ஓஎம்ஆர்லதான் பொட்டி தட்டுறோம். பள்ளிக்கரணையிலிருந்து துரைப்பாக்கம் போகும் 200 அடி ரோட்டில் ரெண்டு பக்கமும் தண்ணி தெரியுமே, கவனிச்சிருக்கீங்களா? அந்த ரோடே சதுப்புநிலத்தை நடுவில் வெட்டிப் போட்டதுதான். பழைய ஆட்கள் அதைக் கழுவெளி என்பார்கள்.

வெள்ளைக்காரன் காலத்து வருவாய்க் கணக்குக்கு ஒரே கேள்விதான்: இந்த நிலத்திலிருந்து எவ்வளவு வரி வரும்? வராத நிலமெல்லாம் கணக்குக்குப் புறம்பே போனது, புறம்போக்கு. (பின்னாளில் அது வசவாகவும் ஆனது தனிக்கதை.) மழைத்தண்ணி வந்து நிற்கும், ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய்க் கடலில் சேரும். விளைச்சலும் இல்லை, வரியும் இல்லை. ஆக, அது 'சும்மா கிடக்கிற' இடம்.

சும்மா கிடந்ததா என்ன? நீளவால் இலைக்கோழின்னு ஒரு பறவை. மிதக்கும் இலைகள் மேல் நடந்துபோகும் அளவுக்கு நீண்ட விரல்கள். கூடும் தண்ணீரில் மிதக்கும் செடிகள் மேல்தான். முட்டையிட்டதும் பெண் கிளம்பிவிடும், அடைகாப்பது ஆண். இந்தக் கூட்டுக்கு எந்த சர்வே நம்பரில் பட்டா கொடுப்பது?

1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த கழுவெளி, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 600 ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. பறக்கும் ரயில், அடுக்குமாடிகள், பெருங்குடிக் குப்பைமேடு எல்லாம் வந்தன. காற்றையும் கடலையும் ஆராயும் அரசு நிறுவனங்களுக்குக்கூட இங்கேதான் இடம் கிடைத்தது! நம்ம ஐடி கம்பெனிகள் பற்றிச் சொல்லவே வேண்டாம், அதில்தானே நமக்குச் சோறு.

அக்கம்பக்கத்துக் குடியிருப்பு மக்களும் பறவை பார்ப்பவர்களும் வருஷக்கணக்கில் கத்திய பிறகு, 2007ல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022ல் ராம்சார் பட்டியலிலும் இடம் கிடைத்தது. நல்ல விஷயம்தான்.

நிற்க. இடையில் 2015 டிசம்பர் வெள்ளம். வேளச்சேரி மூழ்கியதும் திடீரென்று எல்லோர் வாயிலும் சதுப்புநிலம்! 'வெள்ளத்தை உறிஞ்சும் பஞ்சு' என்றார்கள். உண்மைதான், ஆனால் எனக்கு இந்த வாதத்தில் ஒரு உறுத்தல் உண்டு. நம்ம தொழில் பாஷையில் சொன்னால், யூசர் லிஸ்ட்டிலேயே இல்லாதவனுக்கு யாரும் ரிக்வயர்மெண்ட் எழுதமாட்டார்கள். பஞ்சுதான் வேண்டும் என்றால் எளிய வழி இருக்கிறதே: ஆழமாகத் தோண்டு, கரையை உயர்த்து, செடிகொடியை வாரி வெளியே போடு. தண்ணீர் நிறையப் பிடிக்கும், வேளச்சேரிக்காரருக்கு நிம்மதி. நம்ம இலைக்கோழிக்குக் கூடு கட்ட இலை இருக்காது. பூநாரைக்கோ நின்று மேய ஆழமில்லாத தண்ணீரும் சேறும் வேண்டும். பத்தடி பள்ளத்தில் அது என்ன செய்யும்?

வரி வராததால் அன்றைக்குக் கணக்கில் இல்லை. இன்றைக்குக் கணக்கில் வந்தது வெள்ளத்துக்காக. ரெண்டிலும் பறவை இல்லையே சாமி!

எங்கே எத்தனை அடி தோண்டுவது என்று முடிவு செய்யும் கூட்டத்தில், பொறியாளருக்குப் பக்கத்தில் பறவை எண்ணுகிற ஆள் ஒருவருக்கும் நாற்காலி போடுங்கள். தோண்டக்கூடாத இடத்தை அவர் வரைபடத்தில் முதலில் குறிக்கட்டும், பொக்லைன் அப்புறம் வரட்டும்.