பதினைந்து விநாடிக் காத்திருப்பு

லினக்ஸ் இயக்க அமைப்பில் இரு வலைப்பின்னல்களை இணைக்கும் மென்பொருளுக்குப் 'பாலம்' என்று பெயர். புதிதாக ஒரு பாலத்தை அமைத்து அதன் அமைப்பு எண்களைப் பார்த்தால், 'அனுப்புமுன் காத்திருப்பு' 15 விநாடி என்றிருக்கும். விநாடிக்குக் கோடிக்கணக்கான துணுக்குகளைக் கடத்தும் கருவி ஏன் 15 விநாடி சும்மா இருக்க வேண்டும்? இதற்கு விடை காண நாம் 1980-களுக்குச் செல்ல வேண்டும்.

அக்காலத்து ஈத்தர்நெட் ஒரு தடித்த கம்பி. எல்லாக் கணிப்பொறிகளும் அதில் தொற்றிக்கொண்டிருக்கும். விநாடிக்கு ஒரு கோடித் துணுக்குகள் என்பது அதன் வேகம். சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் தூரம், 1,024 கணிப்பொறிகள் என்பவை அதன் எல்லை. எல்லை மீறினால் இரண்டு கம்பிகள் வேண்டும். அவற்றை இணைக்க ஒரு பெட்டி வேண்டும். அமெரிக்காவின் டி.இ.சி. நிறுவனத்தில் மார்க் கெம்ப் என்பவர் வடிவமைத்த அந்தப் பெட்டியே பாலம். ஒரு கம்பியில் வரும் செய்திப் பொட்டலத்தைக் கேட்டு மறு கம்பியில் விடுவது அதன் வேலை. எந்தக் கணிப்பொறி எந்தப் பக்கம் உள்ளது என்பதைத் தானே கேட்டுக் கற்றுக்கொள்ளும். மிக எளிய கருவி.

எளிமையிலேதான் ஆபத்து இருந்தது. ஒன்று பழுதானால் மற்றொன்று உதவட்டும் என்று, இரு கம்பிகளுக்கிடையே மூன்று பாலங்களை வைப்பதாகக் கொள்வோம். முதல் கம்பியில் எல்லோருக்கும் பொதுவான ஒரு பொட்டலம் வருகிறது. மூன்று பாலங்களும் அதை மறு கம்பியில் விடுகின்றன. இப்போது 3 படிகள். ஒவ்வொரு படியையும் மற்ற இரு பாலங்களும் கேட்டு முதல் கம்பியில் விடும், 6 ஆகிவிட்டது. அடுத்து 12, பிறகு 24. பத்தாவது சுற்றில் 1,536! யுரேனியத் தொடர்வினையைப் படித்த மாணவருக்கு இக்கணக்கு புதிதன்று. இணையப் பொட்டலத்துக்கு ஆயுள் எண் ஒன்று உண்டு; வழியில் அது குறைந்துகொண்டே வந்து பொட்டலம் மடியும். ஈத்தர்நெட் பொட்டலத்துக்கு அது கிடையாது; வட்டப் பாதை கிடைத்தால் சாகாமல் சுற்றும்.

இச்சிக்கலைத் தீர்த்தவர் அதே நிறுவனத்தில் பணியாற்றிய ராடியா பெர்ல்மன் அம்மையார். வட்டங்கள் இருக்கட்டும், பாலங்கள் தமக்குள் பேசிக்கொண்டு, சில வாயில்களைத் தாமே மூடிவிடட்டும் என்பது அவர் கருத்து. மூடியபின் எஞ்சும் பாதைகள் எல்லாக் கம்பிகளையும் தொட்டு, எங்கும் வட்டமின்றி, ஒரு மரம்போல் கிளைத்திருக்கும். எல்லாவற்றினும் சிறிய அடையாள எண்ணுடைய பாலமே வேர். அதற்கான வழிமுறையை அவர் 1985-இல் வெளியிட்டார். அதைப் பற்றி ஒரு சிறு கவிதையும் எழுதினார் என்பது பொறியியலில் காணக் கிடைக்காத அழகு! 1990-இல் இம்முறை ஐ.இ.இ.இ. 802.1டி என்னும் தரமாயிற்று. நம் நாட்டில் சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட நிறுவனங்களை இணைத்த எர்நெட் திட்டம் தொடங்கிய 1986-ஐ ஒட்டிய காலம் இது.

இனிக் காத்திருப்புக்கு வருவோம். புதுக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய்களை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு கண்மாயின் மிகைநீர் அடுத்த கண்மாய்க்குப் போகிறது. இன்று வரை ஒரு வாய்க்காலில் வந்த நீரை நாளை வேறு வாய்க்காலில் திருப்ப வேண்டும். பழைய மடை அடைபட்டது என்ற சேதி வந்து சேருமுன் புதிய மடையைத் திறந்தால், இரண்டு வழியிலும் நீர் வந்து கரை உடையும். ஒரு நாள் நீர் இல்லாமலிருப்பது மேல். பெர்ல்மனின் பாலங்களும் அப்படியே. தற்காலிகத் துண்டிப்பைத் தாங்கலாம். தற்காலிக வட்டத்தைத் தாங்க முடியாது.

ஆகவே மூன்று கால அளவுகள் ஏற்பட்டன. வேர்ப்பாலம் 2 விநாடிக்கு ஒரு முறை 'நான் இருக்கிறேன்' என்று சேதி விடும். கடைசியாகக் கேட்ட சேதி 20 விநாடிக்குமேல் பழசானால் செல்லாது. புதிதாகத் திறக்கும் வாயில் 15 விநாடி கேட்டுக்கொண்டும், மேலும் 15 விநாடி முகவரிகளைக் கற்றுக்கொண்டும் இருந்த பிறகே பொட்டலங்களை விடும். எனவே தாமதம் 30 விநாடி. சேதி பழசாகும் நேரத்தையும் சேர்த்தால் 50. இவ்வெண்களை ஒன்றைவிட்டு ஒன்றை மாற்றக் கூடாது. காத்திருப்பில் ஒரு விநாடி கழித்து இரட்டித்தால், அது சேதியின் ஆயுளுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது தரம் கூறும் விதி: 14-இன் இருமடங்கு 28, 20-க்குக் குறைவில்லை. வலையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஏழு பாலங்களுக்கு மேல் இருக்காது என்ற அனுமானத்தில் கிடைத்த எண்கள் இவை.

அந்த ஏழு மறக்கப்பட்டால் என்ன ஆகும்? 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பெத் இஸ்ரேல் டீகனஸ் மருத்துவமனையின் வலைப்பின்னல் ஏறத்தாழ நான்கு நாள் நிலைகுலைந்தது. ஆண்டுக்காண்டு சிறிது சிறிதாக வளர்ந்த அந்த வலை ஏழு என்ற எல்லையைத் தாண்டியிருந்தது. ஓர் ஆய்வுப் பணியின் பெருந்தரவு வெள்ளம் வந்தபோது, மரத்தைக் காக்கும் சேதிகள் உரிய நேரத்தில் சென்று சேரவில்லை. மருத்துவர்கள் காகிதத்தில் மருந்துச் சீட்டு எழுதினார்கள். பரிசோதனை முடிவுகளைக் கையில் எடுத்துக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். யாரும் எந்த எண்ணையும் தவறாக மாற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எண் அப்படியே இருந்தது; வலைதான் மாறிவிட்டது.

காத்திருப்பதற்குப் பதில் அண்டைப் பாலத்தைக் கேட்டு உறுதி செய்துகொள்ளும் விரைவு முறை 2001-இல் தரமாயிற்று. அதில் சீரமைவு பெரும்பாலும் ஓரிரு விநாடிதான். ஆனால் லினக்ஸின் கருப்பகுதியில் உள்ள பாலம் பழைய முறையையே அறியும். விரைவு முறைக்குத் தனி மென்பொருள் வேண்டும்.

நம் மாணவர்கள் ஒரே கணிப்பொறிக்குள் மெய்நிகர்க் கணிப்பொறிகளை அமைத்துப் பயில்கிறார்கள். மர வழிமுறை இயங்கும் பாலத்தில் ஏறியவுடன் அவை முகவரி கேட்கும்; விடை வராது; சிறிது நேரம் சென்று கேட்டால் வரும். கம்பியையும் அட்டையையும் சந்தேகிப்பது இயல்பு. முன்பு மர வழிமுறையை அணைத்துவைத்தாலும் லினக்ஸ் பாலம் கற்கும் நிலையில் 15 விநாடி நின்றது என்பதும், இப்போது வழிமுறையை அணைத்தால் அப்படி நிற்பதில்லை என்பதும் பலருக்கும் தெரிவதில்லை. வட்டம் ஏற்பட வழியே இல்லாத இடத்தில், வழிமுறையை அணைத்துக் காத்திருப்பையும் சுழியாக்கிவிடலாம். வழிமுறை இயங்கும்போது 2 முதல் 30 விநாடிக்குள் உள்ள அளவையே அமைப்பு ஏற்கும்.

இங்கே அலகு ஒரு பொறி. பி.ஆர்.சி.டி.எல். என்னும் பழைய கட்டளை விநாடியில் கேட்கும். கருப்பகுதியின் கோப்பில் நேரடியாக எழுதினால் அலகு விநாடியில் நூற்றிலொரு பங்கு. 15 விநாடிக்கு 1500 என எழுத வேண்டும். அங்கே 15 என்று எழுதுபவர் கேட்பது 0.15 விநாடி. மர வழிமுறை இயங்கினால் எண் எல்லைக்கு வெளியே என்று பிழைச்செய்தி வரும். அணைந்திருந்தால் எந்தச் செய்தியும் வராது, அமைப்பு ஏற்றுக்கொண்டுவிடும்.