டைன்ஹாம் என்னும் சிற்றூர்

சரித்திரம் என்றவுடன் முடிமன்னரும் பெரும்போர்களுமே நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும், போரின் விலையை அறிய விரும்புவோர் சிற்றூர்களின் வரலாற்றையும் படித்தல் வேண்டும். இங்கிலாந்தின் தென்கடலோரத்தில், டார்செட் மாவட்டத்திலுள்ள டைன்ஹாம் அத்தகையதோர் ஊர்.

குன்றுகளுக்கிடையே அமைந்த இவ்வூர், 1086-ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலக்கணக்கேட்டிலேயே இடம்பெற்றது. ஒரு மாதா கோயில், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தபால் நிலையம், வரிசையாய்ச் சில கல்வீடுகள். உழவும் மீன்பிடித்தலும் மக்களின் தொழில்கள். பிள்ளைகள் குறைந்தமையால் 1932-இல் பள்ளி மூடப்பட்டது.

இரண்டாம் உலகப்போரின்போது, 1943 நவம்பரில் வீடுதோறும் அரசாங்கக் கடிதம் வந்தது. டாங்கிப் படையின் பயிற்சிக்கு நிலம் தேவை. ஒரு மாதத்தில் வெளியேற வேண்டும். ஊரிலும் சுற்றுப்புறத்திலும் வாழ்ந்த 225 பேர் டிசம்பரில் புறப்பட்டனர். கோயிலையும் வீடுகளையும் பரிவுடன் பேணுமாறு படைவீரரை வேண்டியும், ஒருநாள் திரும்பி வருவதாகத் தெரிவித்தும் எழுதிய தாளொன்று கோயிற்கதவில் விடப்பட்டது.

போர் 1945-இல் முடிந்தது. எனினும் 1948-இல் அரசாங்கம் அந்நிலத்தை நிரந்தரமாகவே எடுத்துக்கொண்டது. வாடகைக்குக் குடியிருந்தோர்க்குத் தோட்டக் காய்கறிகளின் விலையே ஈடாகக் கிடைத்தது. எவரும் அங்கு மீண்டும் குடியேறவில்லை.

இன்று வீடுகள் கூரையற்று நிற்கின்றன. கோயிலும் பள்ளியும் காட்சிச்சாலைகளாகியுள்ளன. பயிற்சியில்லாத நாட்களில் மக்கள் சென்று காண்கின்றனர்.

நாட்டுக்காக உயிர் தந்தோர்க்கு ஊர்தோறும் நினைவுத்தூண்கள் உண்டு. வீட்டைத் தந்தோர்க்கு இச்சுவர்களே நினைவுத்தூண்கள். தியாகம் கேட்கும் உரிமை அரசுக்கு உண்டெனில், தந்தவரின் நம்பிக்கையைக் காக்கும் கடமையும் அதற்கு உண்டன்றோ?