எரிமலையின் சீற்றத்தைத் தீர்மானிக்கும் வாயுக்கள்: பாரன் தீவும் பினாடுபோவும்

கொல்கத்தா: இந்தியாவில் இன்றும் உயிர்ப்புடன் உள்ள ஒரே எரிமலை, அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு ஆகும். ஸ்ரீ விஜயபுரத்துக்கு (முன்னாள் போர்ட் பிளேர்) வடகிழக்கே சுமார் 140 கி.மீ. தொலைவில், மக்கள் வசிக்காத இத்தீவு குறித்து, கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1885-ஆம் ஆண்டிலேயே விரிவான ஆய்வை வெளியிட்டது.

நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அமைதியாக இருந்த பாரன் தீவு, 1991-இல் மீண்டும் குமுறத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூன் 15-ஆம் தேதி பிலிப்பின்ஸின் பினாடுபோ எரிமலை, 20-ஆம் நூற்றாண்டின் மாபெரும் வெடிப்புகளில் ஒன்றாகச் சீறியது. முதலாவது, சாம்பலையும் நெருப்புக் குழம்பையும் உமிழ்ந்ததோடு நின்றது; இரண்டாவது, தன் உச்சியையே இழந்தது. இவ்வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம், பாறைக்குழம்பிலிருந்து வாயுக்கள் வெளியேறும் விதமே.

வாயுக்கள் செயல்படும் விதம்

நிலத்தடியில் மிகுந்த அழுத்தத்தின் காரணமாக நீராவி, கார்பன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு ஆகியவை மாக்மா எனப்படும் பாறைக்குழம்பில் கரைந்திருக்கும். குழம்பு மேலெழும்போது அழுத்தம் குறைவதால், திறந்த சோடா பாட்டிலில் நிகழ்வதைப் போலக் குமிழ்கள் உருவாகின்றன.

பாரன் தீவின் குழம்பு, சிலிக்கா குறைந்த பசால்ட் வகையைச் சேர்ந்தது. எளிதில் பாயும் தன்மை கொண்டது என்பதால், குமிழ்கள் குழம்பை முந்திக்கொண்டு மேலேறி, அவ்வப்போது சிறு வெடிப்புகளாக வெளியேறிவிடுகின்றன. பினாடுபோவின் குழம்போ சிலிக்கா மிகுந்தது, பிசுபிசுப்பானது. அதில் சிக்கிய குமிழ்கள் விரிவடைந்து, இறுதியில் குழம்பையே துகள்களாகச் சிதறடித்தன.

குறைந்தால் ஆபத்து நீங்குமா?

பினாடுபோவில் நாளொன்றுக்கு 500 டன்னாக இருந்த கந்தக டை ஆக்சைடு வெளியேற்றம், 1991 மே 28-இல் 5,000 டன்னைத் தாண்டியது. பின்னர் அது வெகுவாகக் குறைந்தது. எரிமலை தணிகிறது என்று ஆய்வாளர்கள் முடிவு செய்யவில்லை. வாயு வெளியேறும் வழி அடைபட்டு, உள்ளே அழுத்தம் கூடுவதாகவே அவர்கள் கருதினர். நிலநடுக்கப் பதிவுகளும் எச்சரிக்கையை வலுப்படுத்தியதால், பல்லாயிரக்கணக்கானோர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டு உயிர் தப்பினர்.

பாரன் தீவில் 2025 செப்டம்பரில் இருமுறை மிதமான வெடிப்புகள் பதிவாகின. இத்தகைய சிறு சீற்றங்கள், வாயுக்கள் வெளியேறும் வழி திறந்திருப்பதையே பெரும்பாலும் உணர்த்துகின்றன. எனவே, புகை எழும் நாட்களைப் போலவே, அது திடீரென அடங்கும் நாட்களிலும் எரிமலையைக் கண்காணிப்பது அவசியமாகிறது.