உடல் கப்பலில், கை கடலடியில்



கண்ணை மறைக்கும் விஆர் கருவியை மாட்டிக்கொண்டு விளையாடிய பேத்தி, "இது விளையாட்டுக்கு மட்டும்தானா தாத்தா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன வரலாற்றை உங்களுக்கும் எழுதுகிறேன்.

1993-ஆம் ஆண்டு. அண்டார்க்டிகாவில் மெக்மர்டோ நிலையத்தின் அருகே, உறைந்த கடலுக்கு அடியில் ஆளில்லா ஊர்தி ஒன்றை நாசா இறக்கியது. கலிஃபோர்னியாவில் உள்ள ஏம்ஸ் ஆய்வு மையத்திலிருந்து, செயற்கைக்கோள் வழியாக அதை ஓட்டினார்கள். ஓட்டுபவர் தலையைத் திருப்பினால், அங்கே கேமராவும் திரும்பும். பிற்காலத்தில் செவ்வாய்க் கோளை இப்படி ஆராய முடியுமா என்று பார்ப்பதற்கான ஒத்திகை அது.

மனிதனின் கண் கடலடிக்குப் போய்விட்டது. கை போக வேண்டாமா?

அதே 1993-இல் பிரான்சின் தூலோன் கடற்கரைக்கு அப்பால் ஒரு பழைய கப்பல் கண்டுபிடிக்கப்பட்டது. பதினான்காம் லூயி மன்னனின் 'லா லூன்' போர்க்கப்பல். 1664-இல் வட ஆப்பிரிக்கப் படையெடுப்பிலிருந்து திரும்பியபோது மூழ்கி, நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டது. அது கிடப்பது சுமார் 90 மீட்டர் ஆழத்தில். அங்கே மனிதர் இறங்கி வேலை செய்வது உயிரோடு விளையாடுவது. சாதாரண இயந்திரக் கையை அனுப்பினாலோ, பிடியின் அழுத்தம் ஓட்டுபவருக்குத் தெரியாது, பழம்பொருள் நொறுங்கிவிடும்.

2016-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் உசாமா காத்திப் குழுவினர் 'ஓஷன் ஒன்' என்ற ரோபோவை அங்கே இறக்கினார்கள். அதற்கு இரண்டு கேமராக் கண்கள், இரண்டு கைகள். அதன் கை எதையாவது தொட்டால், மேலே கப்பலில் கைப்பிடியைப் பிடித்திருந்தவரின் கைக்கும் அந்த எதிர்விசை தெரிந்தது. கைக்கடக்கமான ஒரு குவளையை உடையாமல் எடுத்துக் கூடையில் வைத்தது. இடையில் இரு பீரங்கிகளுக்கு நடுவே சிக்கியபோது, காத்திப் அதன் கைகளால் உந்தித் தள்ளி விடுவித்தார்.

ஒன்றாம் வகுப்பில் உங்கள் கையைப் பிடித்து 'அ' எழுத வைத்தது நினைவிருக்கிறதா? பலப்பத்தை நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பது என் கைக்குத் தெரியும். பலப்பம் ஒடியும் முன்பே தளர்த்திவிடுவேன். காத்திப் செய்ததும் அதுதான்.

ஆபத்தான இடத்துக்கு இயந்திரம் போகட்டும். பதமாகப் பிடிக்கும் பக்குவம் மனிதனிடமிருந்துதான் போக வேண்டும் என்று பேத்தியிடம் சொன்னேன். உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர்