பள்ளிவாசல்

பள்ளிவாசல்: முஸ்லிம்களின் தொழுகை இடத்துக்குத் தமிழில் வழங்கும் கூட்டுச்சொல். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் இலங்கையின் அம்பாறைக் கரையோரத்தில் 'பள்ளி' என்றாலே இதுதான். பிள்ளைகள் படிக்குமிடம் பள்ளிக்கூடம். சுஜூது (நெற்றி நிலத்தில் படப் பணிதல்) செய்யுமிடம் என்ற பொருளுடைய 'மஸ்ஜித்' என்னும் அரபுச் சொல் பெயர்ப்பலகைகளில் இருந்தாலும், பேச்சில் பள்ளிக்கே முதலிடம்.

இஸ்லாம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே 'பள்ளி' தமிழில் வேரூன்றிவிட்டது. படுக்கை, உறைவிடம், சிற்றூர் என்பன அதன் பழம்பொருள்கள். மதுரைக்கு அருகே மாங்குளத்தில் சமணத் துறவிக்கு அமைத்துக்கொடுத்த உறைவிடத்தை, நெடுஞ்செழியன் பெயர் வரும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு பள்ளி என்றே சொல்கிறது. துறவி தங்கிய இடம் கற்பிக்கும் இடமுமாகி, வழிபாட்டிடமுமானது. சோழர் காலத்தில் சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட நிலம் 'பள்ளிச்சந்தம்' எனப்பட்டது. 849இல் கொல்லத்துக் கிறித்தவ ஆலயத்துக்கு வழங்கிய கொடையைச் சொல்வது தரிசாப்பள்ளிச் செப்பேடு. அதில் அரபு எழுத்திலும் சாட்சிக் கையொப்பங்கள் உள்ளன. 13ஆம் நூற்றாண்டுத் திருப்புல்லாணிக் கல்வெட்டு 'சோனகச் சாமந்தப் பள்ளி'யைக் குறிப்பிடுகிறது. இலங்கைக் குடிசன மதிப்பீட்டில் இன்றும் முஸ்லிம் சமூகத்தின் பெயராகச் 'சோனகர்' வருகிறது.

ஆக, கடல்வழி வந்த மார்க்கத்துக்குத் தமிழ் புதுச்சொல் தேடவில்லை. சமணருக்கும் பௌத்தருக்கும் கிறித்தவருக்கும் தந்த சொல்லையே தயங்காமல் தந்தது. சிங்களமும் இச்சொல்லை வாங்கி, தேவாலயம், பள்ளிவாசல் இரண்டையும் 'பல்லிய' என்கிறது.

'வாசல்' என்பது 'வாயில்' என்பதன் திரிபு. இல்லின் வாய், அதாவது 'இல்வாய்', முன்பின் மாறி 'வாயில்' ஆனதாக இலக்கணப்போலிக்கு எடுத்துக்காட்டுவர். மன்னரின் அரண்மனையையும் அதன் வாயிலால் சுட்டுவது பழைய மரியாதை. கண்டி அரசவையும் சிங்களத்தில் 'மஹ வாசல' எனப்பட்டது.

இக்கரையோரத்தில் பள்ளி ஊரின் சமூக அமைப்போடும் பின்னிக்கிடக்கிறது. தாய்வழிக் குடிகளின் சார்பில் மரைக்கார்கள் பள்ளி நிருவாகத்தில் அமர்வது இங்குள்ள மரபு. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்புச் சட்டம் நம்பிக்கையாளர் பொறுப்பைச் சட்டவரம்புக்குள் கொண்டுவந்தது. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியோ, நாகூரில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேற்றம் நடக்கும் தர்கா. அதையும் ஊரார் பள்ளி என்றே அழைக்கிறார்கள்.